சேகோ களத்தில் சக்கர பூட்ஸ்

பூட்ஸின் அடியில் நாலு சக்கரத்தையும் ஒரே கோட்டில் வைத்தவர் யாரென்று தெரிந்தால், இன்றைக்கும் அவரை நிற்கவைத்து இரண்டு வார்த்தை கேட்பேன். பக்கத்துக்கு இரண்டாக வைத்திருந்தால் கார் மாதிரி நின்றிருக்கும். நான் விழுந்ததில் பாதியாவது குறைந்திருக்கும்.

எனக்கு அப்போது பத்து வயது. பெங்களூரில் ஒரு வீட்டில் கார் ஓட்டிக்கொண்டிருந்த சித்தப்பா, அந்த வீட்டுப் பையனுக்குச் சிறிதாகிப்போன பூட்ஸ் என்று கொண்டுவந்து கொடுத்தார். ஓட்டத்தான் சொல்லிக்கொடுக்கவில்லை. அன்றைக்கே பஸ் ஏறிவிட்டார்.

வடக்கனந்தல் பக்கத்தில் இருந்த எங்கள் ஊரில் தெருவெல்லாம் ஜல்லி. வழவழப்பான தரை என்றால், அப்பாவும் அம்மாவும் வேலை பார்த்த சேகோ ஆலையின் சிமெண்டுக் களம் மட்டும்தான். மரவள்ளிக் கிழங்கில் செய்த ஜவ்வரிசியை அங்கேதான் கொட்டிக் காயவைப்பார்கள். அந்த வாரம் ஆலையில் மோட்டார் எரிந்துபோனதால் மூன்று நாள் களம் காலி. அதற்குள் கற்றுக்கொண்டால் உண்டு. இல்லாவிட்டால் பூட்ஸ் பரணுக்குப் போய்விடும்.

சொல்லிக்கொடுக்க அப்பா வந்தார். அவருக்கு ஓட்டத் தெரிந்தது சைக்கிள் ஒன்றுதான்.

"நெஞ்ச நிமித்துடா! இன்னாத்துக்கு கூன் போடற?"

நிமிர்ந்தேன். பூட்ஸ் முன்னால் போனது. நான் பின்னால் போனேன்.

"நிமிந்தா வுழறேன்பா."

"நிமிராததாலதான் வுழற. எழுந்திரு."

முதல் நாள் முழுக்க இதே கதை. இடுக்கில் கிடந்த ஜவ்வரிசி மணி சக்கரத்தில் மாட்டினால் அதற்கும் எனக்குத்தான் திட்டு. இரண்டாம் நாள் என் இடுப்பில் துண்டைக் கட்டி, பின்னாலிருந்து இழுத்துப் பிடித்துக்கொண்டார். அன்றைக்கு இரண்டு பேருமாக விழுந்தோம்.

சுவர்மேல் உட்கார்ந்து வேர்க்கடலை தின்றுகொண்டிருந்த அக்கா, "அவன வுட்டுட்டு அந்தத் துண்டுக்கு ஓட்டக் கத்துக் குடுப்பா. சீக்கிரம் கத்துக்கும்" என்றாள்.

மூன்றாம் நாள் சாயங்காலம் அப்பா டீ குடிக்கப் போன நேரம், அக்கா பூட்ஸைப் பிடுங்கி மாட்டிக்கொண்டாள். முழங்காலை மடித்தாள். முதுகை முன்னால் சாய்த்தாள். நீளக் கழியில் பலகை அடித்து, அதை இழுத்துத்தான் காயும் ஜவ்வரிசியைக் கிளறிவிடுவார்கள். லீவு நாளில் அப்பா அம்மாவோடு அந்தப் பலகையை இழுக்கும்போது எப்படி நிற்பாளோ, அப்படியே நின்றாள். இரண்டு தடவை தடுமாறினாள். அப்புறம் களத்தின் அந்தக் கோடிவரை உருண்டுபோய்ச் சுவரைப் பிடித்தாள்.

எனக்கு அழுகையே வந்துவிட்டது. மூன்று நாளாக முட்டி தேய்ந்தவன் நான்!

"அழுவாதடா. பலக இழுக்கறா மாதிரி குனி. அவ்ளோதான்."

குனிந்தேன். சக்கரம் உருண்டது. நான் அதன் மேலேயே இருந்தேன்! பாதிக் களம் போய்விட்டேன். அப்பா கேட்டைத் தாண்டி வந்துகொண்டிருந்தார்.

"பாருப்பா! உன்ன மாதிரியே குனிஞ்சிக்கினு போறேன்!"

அப்பா கைதட்டவில்லை. நடந்துவந்தவர் அங்கேயே நின்றுவிட்டார். சுவருக்குப் போய்த் திரும்பி, மறுபடியும் குனிந்துகொண்டே வந்தேன்.

"போதும், கழட்டு" என்றார். "காலைல மோட்டாரு வந்துடும்."

இவ்வளவு பாடுபட்டு ஓட்டிக் காட்டியிருக்கிறேன், ஒரு சபாஷ் கூட இல்லை. எனக்கு எரிச்சலாக வந்தது. தான் சொல்லிக்கொடுத்தது தப்பாகிவிட்ட கோபம் அவருக்கு என்று நினைத்துக்கொண்டேன். அந்தக் களத்தில், தினமும் அவர் குனிகிற அதே இடத்தில், நானும் குனிவதைப் பார்க்க அவருக்கு மனசில்லை என்பது பத்து வயதில் எனக்கு எப்படித் தெரியும்? "தோத்துட்டியாப்பா? தோத்துட்டியா?" என்று வீடு வந்து சேரும் வரைக்கும் விடாமல் கேட்டுக்கொண்டே வந்தேன்.