கடன் வாங்கிய அழுக்கு

எங்கள் தெருவில் ஒரு பெண்மணி வீட்டிலேயே சாராயம் காய்ச்சுகிறார் என்ற செய்தி, சலூன் நாற்காலியில், ஒரு கன்னத்தில் மட்டும் நுரை இருந்த நிலையில் எனக்குக் கிடைத்தது. பாதி முகத்தோடு எழுந்து போய் விசாரிக்க முடியாது. சலூன்காரருக்கு அது தெரியும். முக்கியமான செய்திகளை அவர் கத்தியைக் கழுத்தருகே வைத்துக்கொண்டுதான் சொல்வார். எதிர்க்கேள்வி வராது.

ஆதாரங்கள் பலமாகவே இருந்தன. தோட்டத்தில் ஒரு பெரிய நீல டிரம். அதற்குள் போகிற குழாய் ஒன்று, வெளியே வருகிற குழாய் ஒன்று. பகல் முழுக்கக் களகளவென்று சத்தம். மதில் பக்கம் போனால் ஒரு மாதிரியான வாடை. எல்லாவற்றுக்கும் மேலாக, அந்தப் பெண்மணி மதுக்கடைக்குப் பின்புறம் குனிந்து பாட்டில் மூடிகளைப் பொறுக்கிப் பையில் போட்டுக்கொண்டதைக் கண்ணால் பார்த்தவர்கள் இருக்கிறார்கள். பார்த்தவர்களுக்கு அங்கே என்ன வேலை என்று யாரும் கேட்கவில்லை.

ஒரே சிக்கல், குற்றம் சாட்டப்பட்டவர் வெந்நீர் அக்கா. ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் கருவிகளைக் கழுவி, ஆவியில் வைத்து, பச்சைத் துணியில் பொட்டலம் கட்டி அனுப்புகிற அறையில் தலை நரைத்த பிறகும் வேலை பார்ப்பவர். கத்தியும் கத்தரியும் அவர் கையைத் தாண்டித்தான் நம் வயிற்றுக்குள் போகும். டீக்கடையில் டம்ளரைக் கொதிக்கிற தண்ணீரில் முக்கிக் கொடுத்தால்தான் வாங்குவார். பெயர் அப்படி வந்தது. இவர் சாராயம் காய்ச்சினால்கூட அது காயத்துக்குப் போடுகிற மருந்தாகத்தான் இருக்கும் என்று தோன்றியது.

சரிபார்க்கப் போனேன். ஒரு கட்டுரை கிடைக்கும் என்ற ஆசை. கூடவே அரை டம்ளர் கிடைக்கலாம் என்ற ஆசையும் இருந்ததை மறைப்பானேன்.

வாசலிலேயே செருப்பைக் கழற்றச் சொல்லி, காலில் ஹோஸ் பைப்பால் தண்ணீர் அடித்துவிட்டுத்தான் உள்ளே விட்டார். தோட்டத்தில் கல் பதித்த ஒரு சின்னக் குளம். அதில் ஒரே ஒரு தங்கமீன், ஒரு கண் இல்லாதது, ஒன்றும் செய்யாமல் நின்றுகொண்டிருந்தது. குளத்தோரம் அந்த நீல டிரம். மூடியைத் திறந்தார். பழுப்புத் தண்ணீர். அடியில் கல், அதன்மேல் வலைப் பையில் பாட்டில் மூடிகள், எல்லாவற்றுக்கும் மேலே சளி படிந்தாற்போல் வழவழவென்று ஒரு பஞ்சு. நான் ஓர் அடி பின்வாங்கினேன். அக்கா அதைத் தொட்டிலில் எட்டிப் பார்ப்பதுபோலப் பார்த்தார்.

"கையை விட்டுடாதீங்க சார். இப்பதான் பிடிச்சிருக்கு."

"எது?"

"கிருமி," என்றார், குரலைத் தாழ்த்தி.

அரை டம்ளர் ஆசை அந்த இடத்திலேயே போய்விட்டது.

குளம் அக்காவுடையது இல்லை. அவருடைய தம்பியுடையது. தம்பி லாரி டிரைவர். ஒரு தடவை கிளம்பினால் வாரக்கணக்கில் வரமாட்டார். வீட்டில் இவர்கள் இருவர்தான். அவர் தன் கையால் தோண்டிய குளம், வாங்கி விட்ட மீன்கள். சாப்பாட்டுக்கு முதலில் வந்து, வேலைக்கு வராத அந்த ஒற்றைக்கண் மீனுக்கு 'மேனேஜர்' என்று பெயர் வைத்ததும் அவர்தான். பெயிண்ட் வாளி ஒன்றில் கல்லும் பஞ்சும் போட்டு, சின்ன பம்ப் ஒன்றை மாட்டி, தண்ணீரை வடிகட்ட ஏற்பாடும் செய்திருந்தார்.

போன தடவை கிளம்பும்போது சொன்னாராம்: "அக்கா, காலையில ஒரு பிடி தீனி போடு. வேற எதையும் தொடாதே."

"நான் எதைத் தொடப் போறேன்?"

"உன்னைப் பத்தி எனக்குத் தெரியாதா?"

அக்கா சில நாள் பொறுத்தார். பிறகு அந்த வாளியின் மூடியைத் திறந்து பார்த்தார். அவ்வளவுதான். உள்ளே இருந்த வழவழப்பை ஆஸ்பத்திரியில் எங்காவது பார்த்திருந்தால் ஒரு மாடியையே காலி செய்ய வைத்திருப்பார். கற்களை ஒவ்வொன்றாக பிரஷ் போட்டுத் தேய்த்து, அண்டாவில் போட்டு, ஆபரேஷன் கருவிக்கு என்ன கணக்கோ அந்தக் கணக்குக்குக் கொதிக்கவைத்தார். பஞ்சையும் அவித்தார். வெயிலில் காயவைத்து, மறுபடி வாளியில் போடும்வரை தூசி படாமல் பச்சைத் துணியில் பொட்டலம் கட்டி வைத்தார். வேலை முடிந்ததும் ஒரு போட்டோ எடுத்துக்கொண்டார். தம்பி வந்ததும் காட்ட.

குளம் கண்ணாடி மாதிரி ஆனது. மீன்கள் ஒவ்வொன்றாக மேலே வந்து வாயைப் பிளந்து மூச்சுக்குத் திணறின. பிறகு மிதந்தன.

"அழுக்கு இன்னும் போகலைன்னு நினைச்சேன் சார்," என்றார் அக்கா. டிரம்மின் விளிம்பைத் தன் முந்தானையால் துடைத்தபடியே இருந்தார். "அதனால மறுபடியும் எல்லாத்தையும் எடுத்து வேகவச்சேன்."

கடைசியாக மிஞ்சிய மேனேஜரை வாளியில் போட்டுக்கொண்டு சலூனுக்கு ஓடினார். தெருவில் மீன்தொட்டி வைத்திருப்பது சலூன்காரர் மட்டும்தான். வாடிக்கையாளர்கள் காத்திருக்கும்போது கண்ணாடியைப் பார்த்துத் தங்கள் முடியைப் பற்றிக் கவலைப்படாமல் இருக்க வைத்த தொட்டி அது.

"என்னக்கா பண்ணீங்க?"

"சுத்தம் பண்ணேன்."

சலூன்காரர் கத்தரியைக் கீழே வைத்துவிட்டாராம். மீன் தின்பதும் கழிப்பதும் மூச்சு விடுவதும் ஒரே தண்ணீரில்தான், கழிவிலிருந்து வருகிற விஷத்தைத் தின்று தீர்ப்பது அந்த வழவழப்பில் குடியிருக்கிற கிருமிகள்தான், அதுகளைத்தான் இரண்டு தடவை அவித்துக் கொட்டியிருக்கிறார் என்று அவர் விளக்கியபோது, அக்கா நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். அடுத்த ஆள் தன் முறை போய்விட்டதே என்று முணுமுணுத்தான்.

தம்பி வந்தார். அதற்குள் மேனேஜர் மட்டும் சலூன் தொட்டியில் பிழைத்து, குளத்துக்குத் திரும்பியிருந்தது. தம்பி குளத்தையே பார்த்துக்கொண்டு வெகுநேரம் நின்றார். அக்கா வாயைத் திறப்பதற்குள் அவரே சொல்லிவிட்டார்: "வெயில் ஜாஸ்தி போல. விடுக்கா. நீ பார்த்துக்கிட்டதாலதான் இவனாவது பிழைச்சான்."

அதோடு விட்டிருந்தால்கூடப் பரவாயில்லை. வழியில் அக்காவுக்காக ஒரு பரிசு வாங்கி வந்திருந்தார். தண்ணீர் கொதிக்கவைக்கிற கெட்டில்.

அந்த அட்டைப் பெட்டியை நான் சமையலறையில் பார்த்தேன். பிரிக்கவே இல்லை. அக்கா அதற்கு முதுகைக் காட்டி நின்றுதான் சமைத்தார். போட்டோவை அழித்துவிட்டாராம். அழித்த பிறகு, அது இருந்திருந்தால் அதைக் காட்டியாவது சொல்லியிருக்கலாமே என்று வருத்தப்பட்டாராம். தம்பியோடு சேர்ந்து உட்கார்ந்து சாப்பிட முடியவில்லை; வயிறு சரியில்லை என்று சொல்ல, அவர் மாத்திரை வாங்கி வந்து கொடுத்தார். அதையும் விழுங்கினார். நல்ல வயிற்றுக்கு மாத்திரை தின்பது மாதிரி ஒரு தண்டனை எந்தச் சட்டத்திலும் இல்லை.

மறுபடி லாரி ஏறும்போது தம்பி சொன்னார்: "வரும்போது புது மீன் கொண்டு வரேன்."

அங்கேதான் டிரம் பிறந்தது. பழைய வாளி செத்துப் போன வாளி. புது மீன்கள் வரும்போது குளம் உயிரோடு இருக்க வேண்டும். இல்லாவிட்டால் இந்தத் தடவையும் கொலை இவர் கணக்கில்தான். சலூன்காரரிடம் கேட்டுக் கேட்டுக் கட்டினார். தண்ணீர் டிரம்மின் அடியில் நுழைந்து, கல், மூடி, பஞ்சு என்று ஏறி, மேலே உள்ள குழாய் வழியாகக் குளத்தில் விழ வேண்டும். பாட்டில் மூடிகள் எதற்கென்றால், கிருமி ஒட்டிக்கொள்ள இண்டு இடுக்கு வேண்டும். மதுக்கடை மர்மம் அவ்வளவுதான். முதல் நாள் உள்ளே போகிற குழாயும் வெளியே வருகிற குழாயும் ஒரே அளவில் போட்டார். பம்ப் தள்ளுகிற வேகத்துக்குத் தண்ணீர் தானாக வெளியேற முடியாமல் டிரம் பொங்கி, தோட்டமே இரண்டாவது குளம் ஆனது. பிறகு வெளிக்குழாயைப் பெரிசாக்கினார்.

எல்லாம் சரி, கிருமிக்கு எங்கே போவது? தானாக வந்து குடியேற நாளாகும் என்றார் சலூன்காரர். "என் தொட்டிப் பஞ்சு ஒண்ணைக் கொண்டு போங்க. சீக்கிரம் பிடிச்சுக்கும். ஆனா ஒண்ணு, திருப்பிக் குடுக்கணும்."

"கழுவியா?"

"அக்கா!"

"சரி சரி. அப்படியே தரேன்."

வாழ்நாள் முழுக்க அழுக்கோடு சண்டை போட்டவர், அழுக்கைக் கடன் வாங்கிக்கொண்டு, கையை நீட்டிப் பிடித்தபடி தெருவில் நடந்தார். சமையலறைக் குழாயைத் தாண்டும்போது கால் நின்றுவிட்டதாம். கை தானாகக் குழாயைத் திறந்துவிட்டதாம். மூடிவிட்டுத் தோட்டத்துக்கு ஓடினாராம்.

இதையெல்லாம் கேட்டுவிட்டு நேராக சலூனுக்குப் போனேன். "சாராயக் கதையைக் கிளப்பிவிட்டது நீங்கதானே?"

சலூன்காரர் வெட்கப்படவில்லை. "மீன் விஷயம் வெளியே போகக் கூடாதுன்னு அக்கா சத்தியம் வாங்கிட்டாங்க. டிரம் எதுக்குன்னு ஜனங்க கேக்குறாங்க. மீனுக்குன்னு சொன்னா, ஏன் திடீர்னு, பழசுக்கு என்ன ஆச்சுன்னு தோண்டுவாங்க. தம்பி காதுக்குப் போயிடும். சாராயம்னு சொல்லிட்டா யாராவது காரணம் கேப்பாங்களா?"

நானும் கேட்கவில்லை என்பது அப்போதுதான் உறைத்தது.

தம்பி திரும்பி வந்த அன்று தற்செயலாக நானும் அந்தத் தோட்டத்தில் இருந்தேன். ஒரு வாரமாகத் தினமும் நடந்த தற்செயல். தம்பியின் கையில் காற்றடைத்த பிளாஸ்டிக் பை, உள்ளே குஞ்சு மீன்கள். டிரம்மைச் சுற்றிச் சுற்றி வந்தார்.

"நீயாக்கா கட்டினே? தெருமுனையில என்னென்னமோ சொல்றாங்க. ஆளுக்கொரு பாட்டில் எடுத்து வைக்கச் சொல்லி ரெண்டு பேர் எங்கிட்ட கேட்டுட்டாங்க!"

அக்கா சிரிக்கப் பார்த்தார். முகம் ஒத்துழைக்கவில்லை.

பையைக் குளத்தில் மிதக்கவிட்டு, தம்பி மூடியைத் திறந்தார். பஞ்சைப் பார்த்ததும் முகத்தைச் சுளித்தார். "ஐயையோ, இதை வச்சுக்கிட்டு எப்படித்தான் தூங்குறியோ. இரு, உனக்காக லேசா அலசித் தரேன், ஒண்ணும் ஆகாது." பஞ்சைக் கையில் எடுத்துக்கொண்டு குழாயை நோக்கி நடந்தார். அன்பில்தான்.

"தொடாதே!" அக்கா போட்ட சத்தத்தில் மேனேஜர்கூட அடியில் போய்விட்டது. "கழுவினா எல்லாம் செத்துடும்!"

தம்பி நின்றார். பஞ்சிலிருந்து பழுப்பாகச் சொட்டியது.

"உனக்கு எப்படித் தெரியும்?"

தம்பி பழைய பெயிண்ட் வாளியைப் பார்த்தார். அக்காவைப் பார்த்தார்.

"வாளியைத் திறந்தியா?"

"ம்."

"கழுவினியா?"

"வேகவச்சேன்."

"கல்லையுமா?"

"கல்லையும்." முந்தானையால் டிரம்மின் விளிம்பைத் துடைத்தார். "ரெண்டு தடவை. வெயில் இல்லடா. நான்தான். அன்னிக்கே சொல்லியிருக்கணும். நீ நல்ல வார்த்தை சொல்லிட்டே, அதுக்கப்புறம் வாய் வரலை."

தம்பி பஞ்சை எடுத்த இடத்திலேயே, எடுத்த மாதிரியே வைத்தார். மூடியைப் போட்டார். சமையலறைக்குள் போனார். அட்டைப் பெட்டி கிழிபடுகிற சத்தம் கேட்டது. பிறகு தண்ணீர் கொதிக்கிற சத்தம். ஒரே ஒரு டம்ளர் டீயோடு வெளியே வந்து, குளத்தோரம் உட்கார்ந்து, தான் மட்டும் குடித்தார். அக்கா அவருக்குப் பக்கத்திலும் உட்காராமல், உள்ளேயும் போகாமல் நடுவில் நின்றார். கடைசியில் தம்பி பையின் வாயைப் பிரித்து அவரிடம் நீட்டினார்.

"நீயே விடு."

மன்னிப்பா, தண்டனையா என்று அக்காவுக்கு இன்றுவரை விளங்கவில்லை. எனக்கும்தான். குஞ்சுகள் மேனேஜர் பின்னால் சுற்றுகின்றன. அடுத்த பயணத்துக்குக் கிளம்பும்போது தம்பி, "ஒரு பிடி தீனி போடு" என்று மட்டும் சொன்னாராம். 'தொடாதே' என்ற பகுதியைச் சொல்லவில்லை. அதைச் சொல்லாமல் விட்டது அக்காவை இன்னும் அதிகமாகக் குத்துகிறது.

பாக்கி இருப்பது சலூன்காரர் பஞ்சு. எடுத்தால் குளத்துக்கு ஏதாவது ஆகிவிடும் என்று அக்காவுக்குப் பயம். பதிலுக்குக் கடையில் வாங்கிய வெள்ளைவெளேரென்ற பஞ்சு ஒன்றைக் கொண்டுபோய்க் கொடுத்தார். சலூன்காரர் வாங்கவில்லை.

"புதுசை வச்சு நான் என்ன பண்ண? நான் குடுத்தது வருஷக்கணக்கா சேர்ந்த அழுக்கு."

நேற்று என் கழுத்தருகே கத்தியை வைத்துக்கொண்டு மறுபடி நினைவூட்டினார்: "அக்காவைப் பார்த்தா சொல்லுங்க." தலையை ஆட்ட முடியாத நிலைமை. அக்காவிடம் நான் சொல்லவில்லை.