குங்குமம் விழுந்த கேமரா

காலை ஆறேகால் மணிக்கு நன்னிலத்தில் பேருந்து ஏறினோம். மடியில் பழைய கேமரா. பையின் பட்டையைக் கையில் இரண்டு சுற்றுச் சுற்றிப் பிடித்திருந்தேன். பக்கத்தில் என் மனைவி கலைவாணி. நான் எடுக்கும் கல்யாணப் படங்களை ஆல்பமாக அடுக்குவது அவள்தான். போக வேண்டிய இடம் பேராவூரணி. திருவாரூர், மன்னார்குடி, பட்டுக்கோட்டை என்று மூன்று ஊரில் பேருந்து மாற வேண்டும், நூறு கிலோமீட்டருக்கு மேல். அங்கே ஒருவர் தன் கேமராவை விற்கிறார். எனக்கோ மறுநாள் விடிந்தால் ஒரு கோயில் கல்யாணம்.

கோயில் கல்யாணம் என்றாலே எனக்குப் பயம். மண்டபத்துக்குள் இருட்டு, பிளாஷ் போட விட மாட்டார்கள். என்னிடம் இருப்பது கற்றுக்கொள்பவர்கள் முதன்முதலில் வாங்கும் கேமரா. வெயிலில் சமர்த்து. இருட்டில் படம் முழுக்க ரவையைத் தூவினது போல வரும், ஃபோகஸ் கிடைக்காமல் தடுமாறும். ஆவணியில் நடந்த ஒரு கல்யாணத்தில், தாலி ஏறும் படத்தில் மணப்பெண்ணின் கண்கள் இரண்டும் இருக்கும் இடமே தெரியாமல் மங்கிப் பதிந்துவிட்டன. அதைக் கணினியில் முதலில் பார்த்து என்னிடம் சொன்னவள் கலைவாணி. அந்த வீட்டார் சண்டை போடவில்லை. அடுத்த விசேஷத்துக்கு வேறு ஆளைக் கூப்பிட்டுக்கொண்டார்கள். நாளையும் அப்படி ஆனால் எங்கள் ஊரில் என்னை யாரும் கூப்பிட மாட்டார்கள்.

போன வாரம் தஞ்சாவூரில் ஒரு கடையில் விசாரித்தேன். இனிமேல் உள்ளே கண்ணாடி இல்லாத மிரர்லெஸ் கேமராதான் என்று சொன்னார்கள். நல்லதுதான். ஆனால் விலை எட்டவில்லை, என் லென்ஸும் அதில் நேரடியாகப் பொருந்தாது. ஒளியைப் பதியும் சென்சார் பெரிதாக உள்ள, கண்ணாடி வைத்த எஸ்எல்ஆர், ஒருவர் பயன்படுத்தியது என்றால் நாற்பத்தெட்டாயிரத்துக்குக் கிடைக்கும். என்னுடைய ஐம்பது எம்எம் லென்ஸ் அதில் பொருந்தும். இரண்டு மெமரி கார்டு போடலாம். ஒன்று செத்தாலும் மற்றதில் கல்யாணம் உயிரோடு இருக்கும். இதையெல்லாம் சரியாகத்தான் யோசித்திருந்தேன். யோசிக்க யோசிக்கப் பயம்தான் கூடியது.

மன்னார்குடிக்கு எட்டரை மணி. சாலையின் இரு பக்கமும் சம்பா முற்றிச் சாய்ந்து கிடந்தது, அறுவடை இயந்திரங்கள் இறங்கியிருந்தன. கண்டக்டரிடம் டிக்கெட் எடுத்ததும் சில்லறை வாங்கியதும் கலைவாணிதான், நான் பையை விடவில்லை. லென்ஸ் மாட்டும் வாய் தேய்ந்திருக்குமோ, தண்ணீரில் விழுந்த கேமராவாக இருக்குமோ, திருட்டுச் சாமானோ என்று கலைவாணியிடம் ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொண்டே வந்தேன். அவள் ஜன்னலைவிட்டு என் பக்கம் திரும்பவே இல்லை. “அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய்” என்று மட்டும் சொன்னாள். இவளுக்குப் பயமே கிடையாது என்று எனக்குக் கொஞ்சம் கோபம்கூட வந்தது.

பட்டுக்கோட்டை தாண்டியதும் வயல் போய்த் தென்னை வந்தது. பதினொன்றரைக்குப் பேராவூரணியில், கேமராவை விற்கும் முருகேசன் வீட்டில் இருந்தோம். கல்யாணம் எடுத்துக்கொண்டிருந்தவர், இப்போது சிங்கப்பூருக்கு வேலைக்குக் கிளம்புகிறார். மோர் கொடுத்துவிட்டுக் கேமராவைக் கொண்டுவந்தார். அதன் நெற்றியில் ஆயுத பூஜைச் சந்தனமும் குங்குமமும் காய்ந்து ஒட்டியிருந்தன. தொழிலை மதிக்கிற ஆள் என்று கலைவாணி என் காதில் சொன்னாள்.

என் லென்ஸை மாட்டி, வெளிச்சம் நுழையும் துவாரத்தை மிகச் சிறிதாக்கி, வெறும் வானத்தை எடுத்தேன். உள்ளே அழுக்கு இருந்தால் இதில்தான் தெரியும். திரையில் பெரிதாக்கிப் பார்த்தேன். வானமெல்லாம் கரும்புள்ளி. பூஞ்சையா, கீறலா என்று கேட்டேன். முருகேசன் முகம் சுருங்கியது.

“பூஜையில லென்ஸுக்குத் தனியா, கேமரா பாடிக்குத் தனியா பொட்டு வைக்கணும்னு கழட்டி வச்சேண்ணே. லென்ஸ் மாட்டுற வாயைத் திறந்தே வச்சுட்டேன். குங்குமம் உள்ள கொட்டிருச்சு. அதுக்கப்புறம் படம் எடுக்கவே பயமா இருந்துச்சு.”

எங்கள் வீட்டிலும் கத்தரிக்கோல் முதல் கணினி வரைக்கும் தனித்தனிப் பொட்டுதான். அவரைக் குறை சொல்ல வாய் வரவில்லை. என் பையில் தூசி ஊதும் ரப்பர் பந்து இருந்தது. சென்சாரைத் திறந்து, கேமராவைக் கவிழ்த்துப் பிடித்து ஊதினேன். மறுபடி வானம், மறுபடி ஊதல். கடைசியில் இடது ஓரத்தில் ஒரே ஒரு புள்ளி நின்றது. துவாரத்தைப் பெரிதாக்கினால் அது தெரியவில்லை. கோயிலில் பெரிதாகத்தான் திறப்பேன். ஆனாலும் அது வெறும் குங்குமமா, கீறலா? யாரைக் கேட்பது?

இருட்டிலும் சோதிக்க வேண்டியிருந்தது. நண்பகலில் இருட்டுக்கு எங்கே போவது? முருகேசன் தேங்காய் போட்டுவைக்கும் கொட்டகையைத் திறந்துவிட்டார். கதவைச் சாத்தி, காமாட்சி விளக்கு ஒன்றை ஏற்றி, கலைவாணியை அதன் பக்கத்தில் உட்காரச் சொன்னேன். உள்ளே மட்டை நாற்றம், கூரையில் ஏதோ ஓடியது. பழைய கேமராவில் முதலில் எடுத்தேன், ரவை. பிறகு இதில்.

இமை மயிர் வரை தெளிவாகப் பதிந்திருந்தது. ஆனால் நான் பார்த்தது அதை அல்ல. படத்தில் கலைவாணி உதட்டைக் கடித்திருந்தாள். கண்ணில் அப்பட்டமான பயம். வழியெல்லாம் ஜன்னல் பக்கமே திரும்பியிருந்த முகம் இதுதான் என்று அப்போதுதான் புரிந்தது.

“ஏன் சொல்லலை?” என்றேன்.

“ரெண்டு பேரும் பயந்தா பஸ்ல யாருங்க ஊர் பேரைச் சொல்லி டிக்கெட் எடுக்கிறது?”

வாங்கிவிட்டோம். தைரியம் வந்து வாங்கவில்லை, பயத்தோடுதான் வாங்கினேன். திரும்பும்போது கேமரா அவள் மடியில் இருந்தது, அவள் கை பட்டையில் இரண்டு சுற்றுச் சுற்றியிருந்தது. நாங்கள் ஊர் சேரும்போது ஏழு மணி. பேராவூரணித் தென்னங்காற்றுக்குப் பிறகு நன்னிலத்தில் வைக்கோல் தூசி, பையின் ஜிப்பைத் திறக்கவே மனம் வரவில்லை.

மறுநாள் விடியலில் கிளம்பும்போது கலைவாணி குங்குமச் சிமிழோடு வந்தாள். நான் பையைப் பின்னால் மறைத்தேன். அவள் சிரித்துவிட்டு என் நெற்றியில் வைத்தாள். கேமராவுக்கு உரியதும் அதிலேயே சேர்த்தி என்றாள்.

கோயிலில் கெட்டிமேளம் கொட்டியது, அட்சதை விழுந்தது, பொத்தானை அழுத்தினேன். திரையைப் பார்க்க எனக்குத் துணிச்சல் இல்லை. கூட வந்திருந்த கலைவாணியிடம் கேமராவை நீட்டினேன். அவள் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தாள். நாதஸ்வரச் சத்தத்தில் அவள் சொன்னது கேட்பதற்கு நான் குனிய வேண்டியிருந்தது.

“கண்ணு ரெண்டும் இருக்குங்க.”