முடி அடைத்த பேசின்

குளியலறை வாஷ்பேசினில் தண்ணீர் இறங்குவது அடியோடு நின்றுபோனது போன மாதம்தான். திட்டக்குடியிலிருந்து மகள் வந்திருந்தாள். நான் மணையில் உட்கார்ந்து, பேசினுக்கு அடியில் கழிவு தங்கும் குப்பியைத் திருகிக்கொண்டிருந்தேன். அவள் டார்ச் பிடித்தபடி, “பிளம்பர கூப்புட்டா உங்க கவுரவம் கொறஞ்சிடுமாப்பா?” என்றாள்.

“முப்பது வருஷம் பீங்கான் கம்பெனில அச்சு போட்டவன். இதுக்குப் போயி ஆளு தேடுவேனா?”

“முடிதான் இருக்கும். அம்மா முடி.” அவள் குரல் இறங்கிவிட்டது.

அந்த எண்ணத்தை அவளுக்குக் கொடுத்தவன் நான். இரண்டு வருஷத்துக்கு முன் பேசினில் தண்ணீர் தேங்க ஆரம்பித்தது. சல்லடையில் சிக்கிய இரண்டு முடியை விரலில் சுற்றி மனைவியின் முகத்துக்கு நேராக நீட்டினேன். “பாரு. வூட்டுல எத்தினி பேருக்கு இம்மாம் நீளம் முடி இருக்குது?”

மறுநாளிலிருந்து அவள் பல் தேய்ப்பதும் முகம் கழுவுவதும் கொல்லைக் குழாயில்தான். உள்ளே வா என்று நானும் அழைக்கவில்லை. ஐப்பசி மழையில், பாசி பிடித்த துவைகல் அருகே வழுக்கி விழுந்தாள். இடுப்பெலும்பு முறிந்தது. நான்கு மாதம் படுக்கையில் கிடந்து போய்ச் சேர்ந்தாள். துக்கம் கேட்க வந்தவர்களிடமெல்லாம், “உள்ள பேசின் இருக்கசொல்ல கொல்லைக்குப் போனா. பிடிவாதம்,” என்றேன். மகளும் நம்பினாள்.

அவள் போன நாளிலிருந்து விடியும்போது கொல்லைக் குழாய் திறக்கும் சத்தம் கேட்கிறது. எழுந்து போய்ப் பார்ப்பேன். துவைகல் காய்ந்து கிடக்கும்.

குப்பி கழன்று கையோடு வந்தது. முடி கொஞ்சம்தான். அதற்குக் கீழே, குப்பியின் வடிவத்திலேயே உறைந்து, வெள்ளையாக ஒரு கல். நகத்தால் கீறிப் பார்த்தேன். அச்சுக்குக் கரைத்து ஊற்றும் பிளாஸ்டர் மாவு.

அந்த மாவைக் கரைத்த கிண்ணத்தை வாளியில்தான் கழுவி வெளியே கொட்ட வேண்டும். தண்ணீருக்குள்ளேயே அது கெட்டியாகிவிடும். விருத்தாசலத்தில் பீங்கான் வேலை பார்த்த எவருக்கும், அவர்கள் வீட்டுப் பெண்களுக்கும்கூட, இது தெரியும். புதிதாக வேலைக்கு வந்தவர்களை இதற்காக நானே எத்தனையோ தடவை திட்டியிருக்கிறேன்.

“இன்னாப்பா அது?”

சுண்ணாம்பு என்று சொல்லிவிடலாம். வாய் வரை வந்தது.

“பிளாஸ்டர். கூடத்துச் செவுத்துல ஓட்டைய அடச்சிட்டு, கிண்ணத்த இதுலதான் கழுவுனேன். அடப்பு என்னால வந்தது. உங்கம்மா முடியால இல்ல.”

அவள் டார்ச்சை அணைத்தாள். பிறகு, “அம்மாவுக்கு இது தெரியுமா?” என்றாள்.

தெரியாது என்ற பதிலை அவள் எதிர்பார்த்தது முகத்திலேயே தெரிந்தது. கிண்ணத்தைக் கழுவிய அன்று என் மனைவி குளியலறை வாசலில் நின்று, “ஏங்க, வாளியில கழுவுங்களேன்,” என்றாள். “அச்சு வேல எனக்கே சொல்லித் தர்றியா?” என்று சிரித்தேன். ஒரு வாரத்தில் தண்ணீர் தேங்கியது. முடியை விரலில் சுற்றியபோது அது எனக்கு ஞாபகம் இருந்தது. அவளுக்கும் ஞாபகம் இருந்தது அவள் என்னைப் பார்த்த பார்வையிலேயே தெரிந்தது.

“தெரியும்,” என்றேன். “எனக்கும் அப்பவே தெரியும்.”

இரண்டு நாள் தங்க வந்தவள் மாலை பஸ்ஸுக்கே கிளம்பினாள். போயிட்டு வரேன் என்று சொல்லாமல், செருப்பை மாட்டிக்கொண்டு போனாள்.