மாடிக்குப் போன டப்பா

ஒரு ஜப்பானியப் பெண்மணியை இந்த நாட்டை விட்டே துரத்தப் பார்த்தவன் நான். கெட்ட எண்ணம் எதுவும் கிடையாது. உதவி செய்தேன், அவ்வளவுதான்.

மந்தைவெளியில் எங்கள் மாடிப் போர்ஷனுக்கு அவர்கள் குடிவந்த அன்றே கணவர் என்னைத் தனியாக அழைத்து விஷயத்தைச் சொல்லிவிட்டார். அவருக்குக் கார் தொழிற்சாலையில் மூன்று வருட வேலை. மனைவிக்கு இங்கே யாரையும் தெரியாது. பொங்கல் வரை பார்ப்பாராம். ஒட்டவில்லை என்றால் ஊருக்குத் திரும்பிவிடுவாராம். சொல்லும்போது அந்த மனிதர் கைக்குட்டையை நாலாக மடித்தார், பிரித்தார், மறுபடி மடித்தார்.

என் மனைவியிடம் சொன்னேன். "அந்தப் பொண்ணு எங்கேயும் போகமாட்டா. நான் பாத்துக்கறேன்" என்றாள். எங்கள் வீட்டில் இதற்கு அடுப்பு பற்றவைக்கப்படும் என்று பொருள். நவராத்திரி முதல் வெள்ளிக்கிழமை ஒரு எவர்சில்வர் டப்பா நிறையச் சர்க்கரைப் பொங்கல் மாடிக்குப் போயிற்று.

மறுநாள் டப்பா திரும்பி வந்தது. முகம் பார்த்துத் தலைவாரலாம், அப்படித் துலக்கியிருந்தார்கள். உள்ளே ஒன்றுமில்லை.

கொண்டுவந்தது, இரண்டு வீட்டுக்கும் பாத்திரம் தேய்க்கும் அம்மா. "இன்னாம்மா இது, டப்பா காலியா கீது? ஒரு வெல்லக்கட்டியாவது போட்டுக் குடுக்க வேணாம்?"

"பாவம், அவாளுக்கு என்ன தெரியும்" என்றாள் மனைவி. ஆனால் இன்னொரு தடவை உள்ளே பார்த்துவிட்டுத்தான் மூடினாள்.

இங்கேதான் நான் நுழைந்தேன். நாலு புத்தகம் படித்தவனால் சும்மா இருக்க முடியாது. மாடியேறிப்போய், அடுத்த வீட்டுப் பாத்திரத்தை ஏன் வெறுமனே திருப்பித் தரக்கூடாது என்று அரைமணி நேரம் விளக்கினேன். சங்க காலம் வரைக்கும் போனேன். அப்போது எவர்சில்வர் ஏது என்று அவர் கேட்கவில்லை, பணிவானவர். நோட்டுப் புத்தகத்தில் குறித்துக்கொண்டார். தமிழைப் புத்தகம் வைத்துக் கற்றவர் என்பதால் செய்தி வாசிப்பதுபோலப் பேசுவார்.

"பாத்திரம் காலியாகத் திரும்பக் கூடாது. புரிந்தது. எங்கள் சமையலில் மீன் உள்ளது. உங்களுக்கு ஆகாது. ஆகையால் அஞ்சினேன்."

அஞ்சினேன்! அதோடு நான் இறங்கியிருக்க வேண்டும். "அதனால் என்ன, சைவமாக ஏதாவது செய்து பாருங்களேன்" என்று சொல்லிவிட்டு இறங்கினேன்.

டப்பா மறுபடி மேலே போனது. இந்தத் தடவை கொய்யாப்பழத்தோடு வந்தது. ஸ்கேல் வைத்து நறுக்கியதுபோல எல்லாத் துண்டும் ஒரே அளவு. "இவ்வளவு அழகா அனுப்பிச்சிருக்கா, நாம சும்மா இருக்கலாமா?" என்று மனைவி சுண்டல் அனுப்பினாள். ரவா லாடு வந்தது. தேங்காய் பர்பி போனது. கேசரி வந்தது. என் பெல்ட்டில் ஒரு ஓட்டை தளர்ந்தது. கீழே எங்களுக்கு இது உறவு; மேலே அது தினசரிப் பரீட்சை என்று எனக்கு உறைக்கவில்லை.

தீபாவளிக்கு இரண்டு நாள் முன்பு பாத்திரம் தேய்க்கும் அம்மா மாடியிலிருந்து வெறுங்கையோடு வந்தாள். "மேல அந்தம்மா அழுதுக்கினு கீதும்மா. மூணு வாட்டி மைசூர்பாகு கிண்டி, மூணு வாட்டியும் கல்லு மாரி ஆயிப்போச்சாம். காலி டப்பாவ எப்டி அனுப்பறதுங்குது. ஊருக்கே போறேங்குது."

"யாரு அவளை மைசூர்பாகு கிண்டச் சொன்னா?"

அந்த அம்மா என்னைப் பார்த்தாள். "சாரு தானே அன்னிக்கு மேல போய் கிளாஸ் எட்த்தாரு?"

ஒப்புக்கொண்டேன். சங்க காலம் உட்பட.

"ஏன்னா, நானே முப்பது வருஷமா மைசூர்பாகைக் கடையிலதான் வாங்கிண்டிருக்கேன்" என்றாள் மனைவி. ஒரு காலி டம்ளரை எடுத்துக்கொண்டு படியேறினாள். நான் பாதிப் படி வரை போனேன். என் தைரியம் அதற்குத்தான் போதுமானதாக இருந்தது.

"ஏம்மா, சர்க்கரை தீந்து போச்சு. இருந்தா ஒரு டம்ளர் தறியா?"

முந்தின நாள்தான் நான் இரண்டு கிலோ வாங்கிப் போட்டிருந்தேன்.

மேலே ஏதோ மூடி திறக்கும் சத்தம். பிறகு டம்ளரில் சர்க்கரை விழுந்தது. "இந்த டம்ளரைத் தாங்கள் எப்போது..." என்று ஆரம்பித்த குரலை மனைவி வெட்டினாள். "இது கைமாத்து. பதிலுக்கு ஒண்ணும் வராது. உனக்கு எது இல்லையோ நீயும் வந்து கேளு. அந்த மைசூர்பாகு எங்க, காட்டு."

அப்புறம் சுத்தியல் சத்தம். நாலாவது அடிக்கு இரண்டு பேரும் சிரித்தார்கள். எனக்குத் தண்டனையாக ஒரு துண்டு கீழே வந்தது. கடைவாய்ப் பல் இன்னும் அதை மறக்கவில்லை.

பொங்கல் கழிந்து நாலாம் நாள், காலை ஆறரை மணிக்கு அழைப்பு மணி. கதவைத் திறந்தேன். மாடிப் பெண்மணி, தலைகூட வாராமல், கையில் அதே டப்பா. காலி.

"பால் காய்ச்சினேன். உறைமோர் இல்லை. கொஞ்சம் வேண்டும்."

மனைவி ஒரு கரண்டி ஊற்றினாள். அவர் வாங்கிக்கொண்டு, நன்றிகூடச் சொல்லாமல் படியேறினார். பாத்திரம் தேய்க்கும் அம்மா எட்டிப் பார்த்தாள். "இன்னாம்மா, மறுபடி காலியாவா எட்த்தாந்துச்சு?"

உறைமோரைக் கடன் கேட்கும் வழக்கத்தைப் பற்றி என்னிடம் நிறைய விஷயம் இருந்தது. வாயைத் திறந்தேன். மனைவி திரும்பிப் பார்த்தாள்.

மூடிக்கொண்டேன்.