வைத்தியச் சொற்களைக் கழற்றிப் பூட்டியவன் நான்

நாலு தறியில் தொடங்கி நாற்பது தறி ஓட்டினேன். கடல் வந்து தறிச்சாலையை வழித்துக்கொண்டு போன பிறகு, அதே நிலத்தில் மறுபடியும் எழுப்பினேன். கல்முனையில், நெய்த கைலிச் சாரன்களை விற்க இரண்டு மாடிக் கடை. பெண்மக்கள் மூவருக்கும் மூன்று கல்வீடு. எல்லாம் ஐந்தாம் ஆண்டோடு பள்ளிக்கூடத்தை விட்டவன் செய்தது. இன்னொன்றும் செய்தேன். அதை மட்டும் படித்தவர்கள் எழுத மறந்துவிட்டார்கள்.

என் மனைவிக்கு வயிற்று வலி வந்தபோது ஆஸ்பத்திரியில் தந்த காகிதத் துண்டில் ஒரு நீளச் சொல் இருந்தது: கொலிசிஸ்டெக்டமி. மூத்த மருமகன் பட்டதாரி ஆசிரியர். நான் கட்டிக்கொடுத்த வீட்டில் இருந்துகொண்டு என் பேச்சைத் திருத்துகிறவர். துண்டை வாங்கி, கண்ணாடியை ஏற்றி இறக்கிப் பார்த்தார்.

"பெரிய வருத்தம், பொல்லாத நோய் போல இரிக்கி மாமா. மாமிக்கிட்ட செல்லிராதீங்க."

"என்ன வருத்தம்?"

"இது இங்கிலீசு இல்ல மாமா, லத்தீன்."

அது லத்தீனும் இல்லை, கிரேக்கம் என்று பிறகுதான் எனக்குத் தெரிந்தது. மருமகனுக்கு இன்றைக்கும் தெரியாது. கதவுக்குப் பின்னால் நின்று கேட்ட என் மனைவி, அன்று மாலையே அழுதழுது பெட்டியைத் திறந்து நகைகளை மூன்று மகள்மாருக்கும் பங்கு பிரித்து வைத்தாள்.

அந்த அழுகையைப் பார்க்க ஏலாமல் பாண்டிருப்புக்குப் போனேன். அங்கே ஓய்வுபெற்ற தாதி ஒருவர் இருக்கிறார். ஊரெல்லாம் அவரை மிஸ் என்றுதான் கூப்பிடும். துண்டைப் பார்த்துச் சிரித்தார்.

"பித்தப்பையில கல்லு ஹாஜியார். பையை எடுக்கப்போறாங்க, அவ்வளவுதான். வாலில இருந்து வாசிங்க. எக்டமி எண்டா வெட்டி எடுக்கிறது. சிஸ்ட் எண்டா பை. கொலி எண்டா பித்தம்."

"இது தறி மாதிரிக் கழலுதே மிஸ்!"

"ஓம், பூட்டவும் ஏலும்."

சத்திரசிகிச்சை முடிந்து மனைவி சுகமாக வீடு வந்தாள். நான் மட்டும் விடவில்லை. வாரம் இரண்டு நாள் மிஸ்ஸின் வீட்டு வாசலில் நின்றேன். சாரன் பெட்டி அட்டைகளை வெட்டினேன். சொல்லின் தலைக்கு நீல நூல், உடலுக்குப் பச்சை, வாலுக்குச் சிவப்பு. தறிக்காரன் நிறம் பிரிக்காமல் ஒரு வேலையும் தொடங்கமாட்டான். நூல் கட்டியது மனைவி. கடையின் மேல்மாடியில் மிஸ் தாதிப் பயிற்சிக்குப் போகும் பிள்ளைகளுக்கு வகுப்பு எடுத்தார். அந்தச் சுவர் முழுக்க ஆணி அடித்து அட்டைகளைத் தொங்கவிட்டேன். ஐடிஸ் என்ற சிவப்பு வால் ஒன்று போதும். ஹெபட் என்ற ஈரலில் பூட்டினால் ஈரல் அழற்சி, நெஃப்ர் என்ற சிறுநீரகத்தில் பூட்டினால் சிறுநீரக அழற்சி. முழுச் சொல்லையும் கண்ணை மூடிப் பாடமாக்கி மறந்துகொண்டிருந்த பிள்ளைகள், அட்டையைக் கழற்றிக் கழற்றிப் பூட்டினார்கள்.

மருமகன் ஒருநாள் மேல்மாடிக்கு வந்தார். கைபேசியில் சுவரைப் படம் பிடித்தார். "நல்ல முயற்சி மாமா" என்றார். சின்னப் பிள்ளையின் தலையைத் தடவுவது போல.

சென்ற மாதம் அந்தச் சுவர் ஒரு புத்தகமாக வந்துவிட்டது. நீலம், பச்சை, சிவப்பு, எல்லாம் அப்படியே. புத்தகத்தின் முகப்பில் மருமகன் பெயர். நன்றியுரையில் நான் 'மண்டபம் தந்துதவிய கொடைவள்ளல்'. மிஸ்ஸுக்கு அந்த இடமும் இல்லை.

எங்கள் பக்கத்தில் நூல் வெளியீடு என்றால் எழுதியவர் ஒருவர் வேண்டும், முதல் பிரதி வாங்கப் பணக்காரர் ஒருவர் வேண்டும். பணக்காரர் மேடையேறி உறையை நீட்டுவார், புத்தகத்தைப் பிடித்துக்கொண்டு படத்துக்குச் சிரிப்பார். உள்ளே என்ன இருக்கிறது என்று அவரை யாரும் கேட்பதில்லை. அழைப்பிதழோடு மருமகன் வந்தார்.

"முதல் பிரதி நீங்கதான் வாங்கணும் மாமா. பொன்னாடையும் போடுவம்."

"என்ட அட்டையைப் புத்தகமாக்கி எனக்கே முதல் பிரதியா? நல்லாரிக்கி மகன்."

"அட்டை வேற, ஆய்வு வேற மாமா. அஞ்சாம் ஆண்டு படிச்ச ஆள்ர பேரைப் போட்டா, படிச்ச ஆக்கள் மதிப்பாங்களா?"

அவருடைய புத்தகத்தை விரித்து, பொருளைக் கையால் மறைத்து, ஒரு சொல்லைக் காட்டினேன். ஹைப்போகிளைசீமியா.

"இதக் கழட்டுங்க பாப்பம்."

இருமினார். தேநீரைக் குடித்தார். வெறும் கோப்பையிலேயே இன்னொரு முறை குடித்தார். குசினிக்குள் சமைத்துக்கொண்டிருந்த என் மனைவியின் குரல் வந்தது.

"ஹைப்போ குறைவு, கிளைசி சீனி, ஈமியா இரத்தம். இரத்தத்தில சீனி கொறஞ்சிட்டு. இதுக்கா மகன் இவ்வளவு நேரம்?"

இப்போது படித்த பெருமக்களுக்கு எழுத்திலேயே சொல்கிறேன். முதல் பக்கத்தை மாற்றி அச்சடியுங்கள். சொற்களைப் பிரித்துச் சொல்லித்தந்தவர் மிஸ் என்று போடுங்கள். அவற்றை நிறம் பிரித்து, அட்டை வெட்டி, பூட்டும் முறையைக் கண்டுபிடித்தவன் நான் என்று, என் பெயரை முழுதாக, மருமகனின் பெயர் அளவுக்கே பெரிய எழுத்தில் போடுங்கள். நூல் கட்டிய என் மனைவிக்கும் ஒரு வரி வேண்டும். கொடைவள்ளல் என்ற வார்த்தையை எடுத்துவிடுங்கள். அந்தப் பட்டத்துக்கு ஊரில் ஆள் நிறைய உண்டு. என் பெயர் வரும்வரை முதல் பிரதிக்கு அவர்களில் ஒருவரைப் பிடியுங்கள்.