பாலத்தைத் தாண்டும் டாங்கி

அந்தத் தாளில் இருந்த கையெழுத்து என்னுடையது. என்னுடையதல்ல என்று சொன்னேன். அந்தப் பொய்யால் என் நண்பர் பதினொரு மாதம் தடுப்புக் காவலில் இருந்தார். இதைச் சுற்றி வளைத்துச் சொல்லும் வயது எனக்குத் தாண்டிவிட்டது.

நான் யாழ்ப்பாணத்தவன். தொண்ணூறுகளில் மலைநாட்டில், டயகமப் பக்கத்துத் தோட்டப் பாடசாலை ஒன்றில் கணிதம் படிப்பித்தேன். நண்பர் அந்தத் தோட்டத்துத் தேயிலைத் தொழிற்சாலையில் ஃபிட்டர். கொழுந்து அரைக்கும் ரோலர் நின்றால் காதை வைத்துக் கேட்டே எங்கே கோளாறு என்று சொல்லிவிடுவார். இருவருக்கும் ஏறக்குறைய ஒரே வயது, ஐம்பது. புதிதாக வந்த உலர்த்தி இயந்திரத்தின் ஆங்கிலக் கையேட்டை வாசித்துச் சொல்லும்படி ஒரு ஞாயிற்றுக்கிழமை என் அறைக்கு வந்தார். மேசையில் கிடந்த பழைய ஆங்கிலச் சஞ்சிகையைப் புரட்டினார். தோட்ட நிர்வாகிகளான துரைமாரின் கிளப்பில் வேண்டாமென்று ஒதுக்கிய கட்டொன்றில் எனக்குக் கிடைத்தது அது. மாதிரி வாகனங்கள் செய்பவர்களுக்கான சஞ்சிகை. நடுப்பக்கத்தில், இரண்டாம் உலகப் போர்க்காலத்துச் சோவியத் கனரக டாங்கி ஒன்றின் அளவு வரைபடம்.

கலியாண ஆல்பம் பார்ப்பதுபோல் அதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இதச் செஞ்சிருவமா மாஸ்டர்?"

தேயிலைப் பெட்டிப் பலகையில் உடல். பெட்டி ஓரத்துத் தகரப்பட்டியில் கவசம். சைக்கிள் சங்கிலியில் சக்கரப்பட்டை. பீரங்கிக்குக் குடைக்கம்பி. சக்கரங்களைத் தொழிற்சாலை லேத்தில் அவரே கடைந்தார். ஞாயிறு பின்னேரங்களில் தொழிற்சாலைக்குப் பின்னால் இருந்த அவருடைய குவார்ட்டர்ஸில்தான் வேலை. அவருடைய மனைவி பிளேன்டீ கொண்டுவந்து வைத்துவிட்டு, "நரைச்ச மண்ட ரெண்டும் வெளாட ஒக்காந்துருச்சு. அந்தப் பக்கம் கூர ஒழுகுது, அதுக்கு ஒரு தகரம் இல்ல" என்பார்.

உடல் முடிந்தபோது அவர் ஒரு கேள்வி கேட்டார். "இது நம்ம தோட்டத்துக்கு வந்தா, பாலத்துல போகுமா?"

தொழிற்சாலைக்கும் பெரிய வீதிக்கும் நடுவே ஆற்றுக்கு மேல் வெள்ளைக்காரர் காலத்து இரும்புப் பாலம் ஒன்று இருந்தது. கொழுந்து லொறி போனாலே முனகும். டாங்கியின் எடை நாற்பத்தைந்து தொன். போகாது என்றேன்.

"அப்ப நம்ம மாத்துவோம்."

உண்மையில் ஒருபோதும் இருந்திராத வாகனங்களையும் அந்தச் சஞ்சிகைக்காரர்கள் செய்வார்கள். 'இப்படி நடந்திருந்தால்' என்று ஒரு கேள்வியை வைத்துக்கொண்டு அதற்குத் தக்கபடி உள்ள வாகனத்தை மாற்றுவார்கள். எங்கள் கேள்வி: மலைநாட்டுக்கென்று ஒரு கனரக டாங்கி செய்திருந்தால் எப்படி இருந்திருக்கும்?

"கவசத்தைக் குறைச்சால் சரிதானே?" என்றேன்.

"அப்புறம் அது என்னா ஹெவி டாங்கி? மெலிஞ்ச மாட்ட எருமைன்னு சொல்ற மாதிரி."

எடை குறையக்கூடாது என்பதில் அவர் பிடிவாதம். கடைசியில் வழியையும் அவரே கண்டுபிடித்தார். டாங்கியை இரண்டு துண்டாக்கி, டிராக்டருக்குப் பின்னால் பெட்டி கொளுவுவதுபோல இழுவைக் கம்பியால் இணைப்பது. முன்துண்டு பாலத்தைத் தாண்டிய பிறகே பின்துண்டு ஏறும். கம்பி நீளமாக இருந்தால் பாலம் தாங்கும். ஆனால் அதற்கு அடுத்த கொண்டை ஊசி வளைவில் திரும்பாது. குட்டையாக இருந்தால் திரும்பும், பாலம் விழும். "தொரயோட ஜீப்பே அந்த வளவுல ரெண்டு தரம் ரிவர்ஸ் போடுது மாஸ்டர். சும்மா குத்துமதிப்பாச் சொல்லப்படாது. அளந்துருவோம்."

அளந்தோம். யுத்தம் நடக்கும் நாட்டில் தமிழர் இருவர், பட்டப்பகலில், டேப் பிடித்துப் பாலத்தை அளந்தோம். கொழுந்தை எடை போட்டுவிட்டு வந்த பெண்கள் சிரித்தார்கள். "என்னாங்க மாஸ்டர், பாலத்துக்குச் சட்ட தைக்கப் போறீங்களா?" எங்களுக்கும் சிரிப்பு. தூண்களின் இடைவெளி, உத்திரத்தின் தடிப்பு, வளைவின் அகலம் எல்லாவற்றையும் ஒரு தாளில் என் கையால் எழுதினேன். கணக்கின் கீழே ஒரு கோடிட்டு, 'இந்த எடைக்கு மேல் பாலம் விழும்' என்று தமிழில் எழுதினேன். கணித ஆசிரியன் விடையின் கீழே கோடிடாமல் விடமாட்டான்.

நாட்டில் எங்காவது குண்டு வெடித்தால் எங்கள் தோட்டத்துத் தொழிலாளர் லயங்களில் படையினரின் சோதனை நடக்கும். அப்படி ஒரு சோதனை வந்தது. காலையில், அன்றைய வேலை பிரிக்கும் பெரட்டுக்கு ஆட்கள் கூடி நிற்கும் நேரம். நண்பருடைய குவார்ட்டர்ஸில் இரண்டு துண்டாக நின்ற டாங்கியும் அந்தத் தாளும் அகப்பட்டன. தாளை வாசிக்கச் சிங்களமும் தமிழும் தெரிந்தவர் தேவைப்பட்டார். என்னைக் கூப்பிட்டார்கள்.

அதிகாரி இளைஞர், மரியாதையானவர். எனக்குக் கதிரை தந்தார். நண்பர் சுவரோரம் நிறுத்தப்பட்டிருந்தார். என்னைக் கண்டதும் அவர் முகம் தெளிந்தது. மாஸ்டர் வந்துவிட்டார், எல்லாவற்றையும் விளங்கப்படுத்திவிடுவார் என்ற தெளிவு அது.

"என்ன எழுதியிருக்கிறது?" என்று அதிகாரி சிங்களத்தில் கேட்டார்.

வாசித்தேன். கடைசி வரியையும் பிழையில்லாமல் மொழிபெயர்த்தேன்.

"யாருடைய எழுத்து?"

என் சட்டைப்பையில் யாழ்ப்பாண முகவரியோடு அடையாள அட்டை இருந்தது. அந்த ஊர்க்காரன் என்றாலே புலி என்றுதான் பார்ப்பார்கள். "தெரியாது. இதை நான் முன்பு பார்த்ததில்லை" என்றேன்.

நண்பருக்குச் சிங்களம் தெரியும். தலையைக் குனிந்துகொண்டார்.

அவரை ஏற்றிக்கொண்டு போனார்கள். இதோடு முடிந்திருந்தால் கோழைத்தனம் என்று மட்டும் சொல்லலாம். இரண்டாம் வாரம் அவர் மனைவி என்னிடம் வந்தார். விடுதலை கேட்டுச் சிங்களத்தில் மனு எழுத வேண்டும், தோட்டத்தில் என்னைவிட நல்ல சிங்களம் எழுத ஆளில்லை. எழுதினேன். மாதம் தவறாமல் எழுதினேன். அவர் குற்றமற்றவர், உழைப்பாளி என்றெல்லாம் எழுதினேன். வேண்டியிருந்த ஒரே வரியை மட்டும் எழுதவில்லை. அந்த அம்மா ஒவ்வொரு முறையும் ஒரு கட்டுக் கீரை கொண்டுவந்து தருவார். நான் வாங்கிச் சமைத்துச் சாப்பிட்டேன்.

பதினொரு மாதத்தின் பின் குற்றச்சாட்டு ஏதுமின்றி விட்டார்கள். அதற்குள் தோட்டத்தில் வேறு ஃபிட்டர் வந்துவிட்டார். வேலை போனதால் குவார்ட்டர்ஸும் போயிற்று. வலது கையில் இரண்டு விரல்கள் மடங்கவில்லை. கணவனும் மனைவியும் கந்தப்பளையில் உறவினரின் மரக்கறித் தோட்டத்துக்குக் கூலிக்குப் போனார்கள். நான் வழியனுப்பக்கூடப் போகவில்லை.

இரண்டாயிரத்துக்குப் பிறகு, சமாதானம் பேசிய காலத்தில், ஓய்வு பெற்றிருந்த நான் அந்த வரியை எழுதினேன். தாள் என்னுடையது, கணக்கு என்னுடையது, அவர் மேல் குற்றமில்லை என்று சமாதான நீதவான் முன் கையெழுத்திட்டு, அவருடைய பழைய வேலையைத் திருப்பிக் கொடுக்கும்படி தோட்டத்து அலுவலகத்தில் கொடுத்தேன். புதிய துரை வாசித்துவிட்டு, "காலம் போய்விட்டது, மாஸ்டர்" என்றார். பிரதியை எடுத்துக்கொண்டு கந்தப்பளைக்குப் போனேன்.

அவர் லீக்ஸ் பாத்திக்குள் நின்றார். பிரதியைக் கையில் கொடுத்து, என்ன செய்தேன் என்று சொன்னேன்.

"தெரியும்ல மாஸ்டர். நானுந்தான அங்க நின்னேன்" என்றார். "உள்ள வச்சும் கேட்டாங்க, யாரு எழுத்துன்னு. என்னோடதுன்னேன். எழுதிக் காட்டுன்னாங்க. எனக்கு ஏது அந்த முத்து முத்தான எழுத்து? அதுக்கும் அடி வாங்குனேன்." சிரித்தார். "உங்க பேரச் சொன்னா உங்கள விட்டிருக்கவே மாட்டாங்க, நீங்க யாழ்ப்பாணத்தாளு. நான் தோட்டத்துக்காரன். மெசினு நின்னா தொர தானா வந்து கூட்டிட்டுப் போயிருவாருன்னு நெனச்சேன்."

மனைவி பின்னால் நின்றதை நாங்கள் கவனிக்கவில்லை. அவருக்கு அதுவரை தெரியாது. கணவர் சொல்லியிருக்கவில்லை.

"அது உங்க எழுத்தா?" என்று கேட்டார்.

"ஓம், தங்கச்சி."

"மாசாமாசம் உங்க வாசல்ல வந்து நின்னேனே. கடுதாசிய மடிச்சுக் குடுத்துட்டு, கவலப்படாதேங்கோன்னு சொல்லுவீங்களே."

"விடு. வந்தவருக்குத் தேத்தண்ணி போடு" என்றார் நண்பர்.

"நீங்க விடுங்க. நான் விட மாட்டேன்."

தேநீர் வரவில்லை. நண்பர் என்னைப் பஸ் வரைக்கும் கொண்டுவந்து விட்டார். இனி வரவேண்டாம் என்று அவர் சொல்லவில்லை. வாருங்கள் என்றும் சொல்லவில்லை.

இரண்டு வருடம் கழித்து அவர் இறந்த செய்தி மூன்றாம் ஆள் ஒருவர் மூலம் வந்தது. போனேன். ஆண்களோடு முற்றத்தில் நின்றேன். அந்த அம்மா என்னைப் பார்த்தார். உள்ளே போய்விட்டார். மண் போட்டுவிட்டுத் திரும்பினேன். பதினாறாம் நாள் கருமாதிக்கு, மயானத்துக்கு வந்த எல்லோருக்கும் ஆள் விட்டுச் சொல்லியிருந்தார்கள். எனக்குச் சொல்லவில்லை.