அம்மா கையிலிருந்த ரிமோட்

போன வாரம் வரை என் அலமாரியின் அடித்தட்டில், கல்யாணச் சேலைக்குக் கீழே, ஒரு ரிமோட்டை ஒளித்து வைத்திருந்தேன். பொலித்தீன் சுற்றி ரப்பர் பேண்ட் போட்டது. மேலே சேறு காய்ந்து அப்பியிருக்கும். உள்ளே பட்டன்கள் புதுக்கருக்குக் கலையாமல் இருக்கும். சத்தம் கூட்டும் பட்டனுக்கு மேல் மட்டும் பொலித்தீன் தேய்ந்து வெளுத்திருக்கும். அது அம்மாவின் கட்டைவிரல் செய்த வேலை.

என் அக்கா தொலைக்காட்சியில் செய்தி வாசிப்பவள். அக்கரப்பத்தனைத் தேயிலைத் தோட்டத்தில், தொழிலாளர் லயத்து வீட்டில் பிறந்து, கொழுந்து பறித்த அம்மா படிக்கவைத்து, கொழும்புக்குப் போனவள். முதல் இரண்டு குரல் தேர்விலும் தோட்டத்துப் பேச்சு ஒட்டியிருக்கிறது என்று திருப்பி அனுப்பினார்கள். பின்னே, வேறு எந்தப் பேச்சு ஒட்டுமாம் அவளுக்கு? மூன்றாம் முறை எடுபட்டாள். அதிலிருந்து அவள் வாசிக்கும் மாலைகளில் ஒரே வரிசையான லயத்தின் எட்டு வீட்டு ஆட்களும் எங்கள் வீட்டில் கூடிவிடுவார்கள். அம்மா முகம் கழுவி, திருநீறு பூசி, முன்னால் உட்காருவாள். டிவியைப் போட்டதும் அக்காவின் போனுக்கு ஒரு மிஸ்ட் கால் கொடுப்பாள். நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கிறோம் என்று அர்த்தம். அக்கா வாசிக்கும்போது யாரும் இருமக்கூடாது. நடுவில் எழுந்து போனால் பிள்ளையை அவமதித்த மாதிரி.

அந்த மழை நாட்களில் நான் கொட்டகலையில், என்னைக் கட்டிக்கொடுத்த வீட்டில் இருந்தேன். செய்தி தொடங்கியதுமே அக்கா மண்சரிவு எச்சரிக்கையை வாசித்தாள். உடனே வெளியேற வேண்டிய இடங்களில் எங்கள் தோட்டத்தின் பெயரும் இருந்தது. அவள் குரல் நடுங்கவில்லை. அம்மாவுக்குப் போன் எடுத்தேன்.

"அம்மா, அக்கா சொன்னது கேட்டுச்சா? எல்லாரையும் கூட்டிக்கிட்டு பள்ளிக்கூடத்துக்குப் போங்க!"

"கேட்டுச்சுடி. இரு, புள்ள முடிக்கட்டும். இம்புட்டுப் பேரும் பாதியில எந்திரிச்சுப் போனா நல்லாவா இருக்கும்? சேல எவ்வளவு எடுப்பா இருக்கு, பாத்தியா?"

கத்தினேன். அம்மா போனை வைத்துவிட்டாள். அக்கா வாசித்து முடிப்பதற்குள் மலை இறங்கிவிட்டது. எட்டு வீட்டிலும் ஆள் மிச்சமில்லை.

நாலாம் நாள் மண்ணைத் தோண்டியவர்கள், அம்மா கையில் இருந்தது என்று ரிமோட்டை என்னிடம் கொடுத்தார்கள். இடுப்பில் செருகி மறைத்துக்கொண்டேன். அக்கா வந்து கேட்டது ஒன்றுதான்: "நான் வாசிச்சத அம்மா கேட்டாங்களா?"

"இல்லக்கா. கரண்டு போயிருச்சு. யாருமே பாக்கல."

பச்சைப் பொய். கேட்டும் உன் முகத்துக்காக உட்கார்ந்திருந்தார்கள் என்று எந்த வாயால் சொல்வது? அக்கா தலையை ஆட்டினாள். காரியம் முடிந்த மறுநாளே வேலைக்குப் போய்விட்டாள். கல்நெஞ்சுக்காரி என்று சொந்தக்காரர்கள் பேசினார்கள். நானும் மனதுக்குள் அப்படித்தான் திட்டினேன்.

போன வாரம் அம்மாவின் முதல் திவசத்துக்கு என் வீட்டுக்கு வந்திருந்தாள். அவளுடைய போனின் கண்ணாடி உடைந்து கிடந்தது. இதைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புதுசு வாங்கேன் என்றேன். அதைத் திறந்து என் முன் நீட்டினாள். அன்றைய தேதி, செய்திக்கு இரண்டு நிமிடம் முன்னால், அம்மாவின் மிஸ்ட் கால்.

"கரண்டு இருந்துச்சுடி," என்றாள். "ஸ்டூடியோவ விட்டு வெளிய வந்தப்பவே பாத்துட்டேன்."

எழுந்துபோய் அலமாரியைத் திறந்தேன். அக்கா ரிமோட்டை வாங்கி மடியில் வைத்துக்கொண்டு, வெளுத்த அந்த இடத்தைக் கட்டைவிரலால் தடவினாள்.

"இப்பவும் கேமராவப் பாத்து வணக்கம் சொல்றப்பெல்லாம் மனசுக்குள்ள, எந்திரிச்சுப் போயிருங்கம்மான்னுதாண்டி சொல்றேன்."